வயிற்றுக்குள் பலூன், அடுப்பில் பத்தியம்: தெரியுமா உங்களுக்கு?

ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கை கொள்ளாமல் தளும்புகிறதா? அதைவிடச் சற்றே பெரிய, தண்ணீர் நிரம்பிய ஓர் உருண்டை உங்கள் இரைப்பைக்குள் நான்கு மாதம் குடியிருக்கப் போகிறது என்றால் நம்புவீர்களா? கத்தி இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. வந்த வேலை முடிந்ததும் அது கிளம்பிப் போய்விடும். இதுதான் எடை குறைப்புக்கான இரைப்பை பலூன்!

சரி, இதற்கும் நம்மூர் ஜோலார்பேட்டைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது! ஜங்ஷனில் ஏறினால் ஒரு திசையில் சென்னை, ஒரு திசையில் பெங்களூரு, இன்னொரு திசையில் சேலம். பலூன் வைப்பது பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில். வைத்துக்கொண்டு ரயிலேறி வந்து மாதக்கணக்கில் சாப்பிடப்போவது வீட்டு அடுக்களையில். கையில் இருக்கும் உணவுச் சீட்டில் ஓட்ஸ், புரோக்கோலி, அவகாடோ. அடுக்களை டப்பாக்களில் புழுங்கலரிசி, கேழ்வரகு, பாசிப்பருப்பு. "இதில் நான் எதைச் சாப்பிடுவது?" என்று பலூன் வைத்தவர்கள் திகைக்கிறார்கள். திகைக்கவே வேண்டாம்! அந்த டப்பாக்களுக்குள்தான் அதிசயமே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1912-லேயே ஒருவர் பலூன் விழுங்கினார், தெரியுமா?

பசி எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞருக்கு இந்தக் கேள்வி. அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ஒரு காரியம் செய்தார். ரப்பர் குழாயின் நுனியில் ஒரு சிறு பலூனைக் கட்டி, விழுங்கி விழுங்கித் தொண்டையைப் பழக்கினார். பலூன் இரைப்பைக்குள் இறங்கியதும் காற்றை ஊதி நிரப்பினார்கள். குழாயின் மறுமுனை ஓர் அளவுக் கருவியில். பசி கிள்ளும்போதெல்லாம் வாஷ்பர்ன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். காகிதத்தில் ஓடிய கோடுகளைப் பார்த்தால், பசி கிள்ளிய நேரமும் இரைப்பை சுருங்கிய நேரமும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன! 1912-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

பசிக்கு இரைப்பை மட்டுமே காரணமில்லை, மூளையும் ஹார்மோன்களும் சேர்ந்து ஆட்டுவிக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் பசியை அளப்பதற்காக வயிற்றுக்குள் போன பலூன், எழுபது ஆண்டுகளுக்குப் பின் பசியை அடக்குவதற்காகப் போயிற்று என்பது எவ்வளவு பெரிய ஆச்சரியம்!

இந்த யோசனையைத் தந்ததே ஒரு முடிக்கட்டி, தெரியுமா?

தலைமுடியைக் கடித்து விழுங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த முடி செரிக்காது, வெளியேறாது. இரைப்பைக்குள் உருண்டு திரண்டு கட்டியாகிவிடும். சில பழங்களின் நாரும் இப்படித் திரள்வதுண்டு. இந்தக் கட்டி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவதையும், எடை குறைவதையும் மருத்துவர்கள் கவனித்தார்கள். "கெடுதல் செய்யாத ஒரு கட்டியை நாமே வைத்தால் என்ன?" என்று கேட்டார்கள் நீபன், ஹார்போ என்ற இரு மருத்துவர்கள். 1982-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது அவர்களுடைய 'செயற்கைக் கட்டி'. அதுதான் பலூன்!

முதல் பலூன் தோற்றுப்போனது, தெரியுமா?

1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் பலூனில் 220 மி.லி. காற்று அடைத்திருந்தார்கள். உருண்டையாக இல்லை, உருளையாக இருந்தது. விளிம்புகள் உரசி இரைப்பையைப் புண்ணாக்கின. காற்று இறங்கிய பலூன் சிலருக்குக் குடலில் போய் அடைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள்.

ஆனால் பாடம் வீணாகவில்லை. 1987-ல் புளோரிடாவில் 75 நிபுணர்கள் உட்கார்ந்து, நல்ல பலூன் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். காற்றுக்குப் பதில் திரவம் வேண்டும். எக்ஸ்-ரேயில் தெரிய வேண்டும். நீடித்து உழைக்க வேண்டும். இன்றைய பலூன்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

விழுங்கும் பலூன் தானாகவே வெளியேறும், தெரியுமா?

இன்று முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மயக்க ஊசி போட்டு, எண்டோஸ்கோபி எனும் கேமராக் குழாய் வழியாக வைக்கும் சிலிக்கோன் பலூன். இதில் 400 முதல் 700 மி.லி. வரை உப்புநீர் நிரப்புவார்கள். வழக்கமாக 6 மாதம் இருக்கும், பிறகு எண்டோஸ்கோபி வழியாகவே எடுப்பார்கள். ஓராண்டு வரை வைக்கும் ரகமும் உண்டு.

இன்னொன்று கேப்ஸ்யூல் பலூன். மாத்திரை போல மடங்கிக் கிடக்கும் பலூனை ஒரு மெல்லிய குழாயோடு விழுங்க வேண்டும். இரைப்பைக்குள் இறங்கிவிட்டதா என்று எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, 550 மி.லி. திரவம் நிரப்பி, குழாயை உருவிவிடுவார்கள். ஏறத்தாழ 16 வாரத்தில் பலூனின் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். திரவம் வடிந்து, மெல்லிய தோல்போல ஆகி, மலத்தோடு போய்விடும்!

இன்னோர் அற்புதம். எண்டோஸ்கோபியில் வைக்கும் பலூனின் உப்புநீரில் நீலச் சாயம் ஒன்றைக் கலப்பது வழக்கம். எப்போதாவது பலூன் கசிந்தால் சாயம் உடம்பில் ஏறி, சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். பலூனே ஆபத்துக் கொடி காட்டுகிறது! அந்த நிறத்தைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரைப்பை ஆம்பூர்த் தோல் மாதிரி, தெரியுமா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் பார்த்திருப்பீர்கள். ஈரத் தோலைச் சட்டத்தில் கிளிப் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். சுருக்கமெல்லாம் விரிந்து தோல் பரந்துகொடுக்கும். இரைப்பையின் உட்சுவரிலும் அப்படித்தான் மடிப்பு மடிப்பாகச் சுருக்கங்கள். வெறும் வயிற்றில் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் இரைப்பை, சாப்பிடச் சாப்பிட மடிப்பு விரிந்து ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை இடம் கொடுக்கும். சுவரில் இருக்கும் நரம்பு நுனிகள் இந்த இழுவையை உணர்ந்து, "போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும்.

பலூன் இந்த இடத்தில்தான் உட்காருகிறது. கால்வாசிக்கும் மேல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. பாதி தட்டிலேயே "போதும்" வந்துவிடுகிறது!

எவ்வளவு குறையும்? ஆறு மாதப் பலூன் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆறு மாத முடிவில் உடல் எடையில் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. 100 கிலோ உள்ளவருக்கு 13 கிலோ. ஆனால் வைத்ததிலிருந்து ஓராண்டு கழித்து, பலூன் போன பின் பார்த்தால், அது 11 சதவீதம். போன எடை மெல்லத் திரும்ப எட்டிப் பார்க்கிறது. குறைத்ததில் எவ்வளவு நிலைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தட்டுதான். ஆகவே தட்டுக்கு வருவோம்.

ஐம்பது வேகன், ஐம்பது மடக்கு: தெரியுமா?

2019 ஜூலையை மறக்க முடியுமா? சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, நம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் காவிரித் தண்ணீர் போயிற்று. ஒரு ரயிலுக்கு 50 வேகன். ஒரு வேகனில் 50,000 லிட்டர். ஒரே நடையில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் போய் இறங்கியது!

பலூன் வைத்த முதல் சில நாட்களில் உங்கள் உடம்புதான் அந்தச் சென்னை. வயிறு அந்நியப் பொருளை உணர்ந்து புரட்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுப் பிடிப்பு மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை இருக்கலாம். மருத்துவர் தரும் வாந்தி மாத்திரையையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் வேளை தவறாமல் போட வேண்டும். இந்த நாட்களில் எடையைப் பற்றி நினைக்கவே கூடாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வேலை.

சொம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தால் குடித்த வேகத்தில் வெளியே வரும். என்ன செய்வது? வேகன் வேகனாக அனுப்ப வேண்டும். 30 மி.லி. என்பது இரண்டு மேசைக்கரண்டி. விழித்திருக்கும் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 30 மி.லி. உறிஞ்சினால், 50 மடக்கில் ஒன்றரை லிட்டர் உள்ளே போய்விடும்! ஐம்பது வேகன், ஐம்பது மடக்கு. நம்மூர்க் கணக்கு நம் உடம்புக்கும் பொருந்துகிறது, பார்த்தீர்களா?

வெறும் தண்ணீர் மட்டுமல்ல. வடிகட்டிய தெளிந்த ரசம், காரமில்லாமல். உப்புப் போட்ட நீர்மோர். வடித்த கஞ்சித் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். கரைசல். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, வாந்தியில் போனதை ஈடு செய்யும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடக் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாகிறதா, தலை சுற்றுகிறதா, ஒரு நாள் முழுக்க எதுவுமே தங்கவில்லையா? நகரத்து டாக்டரின் போன் எண்ணைத் தேடிக்கொண்டு உட்காராமல், பக்கத்தில் எங்கே டிரிப்ஸ் ஏற்றுவார்களோ அங்கே போய்விடுங்கள். அந்த இடத்தை பலூன் வைக்கும் முன்பே விசாரித்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

புழுங்கலரிசிக்குள் ஒரு கவசம் இருக்கிறது, தெரியுமா?

வாஷ்பர்ன் பலூன் கட்டுரை வெளிவந்த அதே 1912-ல் இன்னொரு அதிசயம். காசிமிர் ஃபங்க் என்ற விஞ்ஞானி 'வைட்டமின்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தார். அவர் எதை ஆராய்ந்துகொண்டிருந்தார் தெரியுமா? அரிசித் தவிட்டை! தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்றவர்களுக்கு வந்த பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருள் தவிட்டில் இருந்தது. இன்று அதை பி1 அல்லது தயமின் என்கிறோம்.

பலூனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் உடம்பு தயமினை அதிகம் சேமித்து வைக்காது. இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. வாந்தி நிற்காமல் நாள் கடந்தால் இருப்பு தீர்ந்து, நடை தள்ளாடும், கண் பார்வை இரட்டையாகும், மனம் குழம்பும். பலூன் வைத்தவர்களில் மிகச் சிலருக்கு இது நேர்ந்திருக்கிறது. எனவே வாந்தி ஒரு வாரத்தைத் தாண்டினால், "பி1 ஊசி வேண்டுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். டிரிப்ஸில் குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 கொடுப்பது இப்படிப்பட்டவர்களுக்கு மிக முக்கியம்.

இப்போது நம் பாட்டிமார்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை! அதனால்தான் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் பி1 அதிகம். வயிறு சமாதானமான பின் முதலில் கேட்கும் சோறு, குழைய வேகவைத்த புழுங்கலரிசிக் கஞ்சியாக இருக்கட்டும். கஞ்சியை வடித்துக் கொட்டிவிடாதீர்கள். வைட்டமின் அதில்தான் கரைந்திருக்கிறது.

வேலூரில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு, தெரியுமா?

டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் வேலூர் சி.எம்.சி. அங்கே குடலையும் ஊட்டச்சத்தையும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் ஆல்பர்ட், மாதன், பேக்கர். மனிதச் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12 வைட்டமினைத் தாமே தயாரிக்கின்றன என்று 1980-ல் 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதினார்கள். உலகமே படித்த கண்டுபிடிப்பு, நம் வேலூரிலிருந்து!

ஆனால் பலூன் காலத்தில் அந்தப் பாக்டீரியாக்களை நம்பி இருந்துவிட முடியாது. உணவு குறைகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தினமும் ஓடுகிறது. அமிலம் குறைந்தால், உணவில் இருக்கும் பி12 பிரிந்து உடம்பில் சேர்வதும் குறையும். தயிர், முட்டை, மீன் ஆகியவற்றில் பி12 உண்டு. மருத்துவர் எழுதித் தரும் பலசத்து மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். சைவர்கள் பி12 அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது.

குழந்தைக்குச் சோறூட்டுவது போலத்தான் பத்தியம், தெரியுமா?

ஆறு மாதக் குழந்தைக்கு நாம் எப்படி உணவு பழக்குகிறோம்? முதலில் நீர், பிறகு கூழ், பிறகு பிசைந்த சோறு. பலூனுக்கும் அதே வரிசை! நாள் கணக்கு ஆளுக்கு ஆள், பலூனுக்குப் பலூன் மாறும், உங்கள் மருத்துவர் சொல்வதே கடைசி வார்த்தை. பொதுவான போக்கு இது:

முதல் சில நாள்: தெளிந்த நீராகாரம் மட்டும்.

முதல் வாரம் முடியும் வரை: பால், கடைந்த மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப், நீர்க்கக் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி.

இரண்டாம் வாரம்: மசித்த பருப்பு, குழைந்த கஞ்சி, தயிர், அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, பூசணி, சுரைக்காய் மசியல்.

மூன்றாம் வாரம்: சாம்பாரில் ஊறிய இட்லி, முள் நீக்கிய மீன், பனீர், மென்மையான காய்கள்.

நான்காம் வாரத்திலிருந்து: வீட்டில் எல்லாரும் உண்ணும் உணவு, சின்னத் தட்டில்.

கேழ்வரகின் பெருமையை இங்கே சொல்லாமல் விட முடியாது. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம்! குறைவாக உண்ணும் நாட்களில் எலும்புக்கு இதைவிட ஆதரவு வேறென்ன?

ஆவின் பாக்கெட்டே உங்கள் தசையைக் காக்கும், தெரியுமா?

எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும் சேர்ந்து கரையும்! அதைத் தடுக்கும் அரண் இரண்டே. ஒன்று புரதம், மற்றது தசைக்கு வேலை கொடுப்பது. பலூன் காலத்தில் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. இவ்வளவு சிறிய வயிற்றில் அவ்வளவு புரதமா? முடியும், கணக்குப் போடுங்கள்:

பாலும் தயிருமாக அரை லிட்டர்: 16 கிராம். இரண்டு முட்டை: 12. பாசிப்பருப்பு 50 கிராம்: 12. கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு 30 கிராம் கடலை: 6. மீன் அல்லது கோழி 75 கிராம்: 15. கூட்டினால் 61! முட்டையும் மீனும் ஆகாதவர்கள் பனீர் 50 கிராமும் சோயா உருண்டை 35 கிராமும் சேர்த்தால் அந்த 27 கிராம் ஈடாகிவிடும்.

இட்லியில் எவ்வளவு? ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம்தான். அதனால் ரகசியம் இதுதான்: தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிடுங்கள், பிறகு காய், கடைசியில் சோறு. நிறைந்துவிட்டால் மிஞ்சுவது சோறாக இருக்கட்டும்.

ஒரு இட்லிக்கு எட்டு நிமிடம், தெரியுமா?

ஜங்ஷன் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் கிளம்புவதற்குள் பொட்டலத்தைப் பிரித்து நான்கு இட்லியை உள்ளே தள்ளும் வேகம். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கோ சாப்பாட்டு மணி அடித்தது முதல் மறுமணி வரைதான் நேரம். கை கழுவி, டிபன் பாக்ஸ் திறந்து, விழுங்கி, மூடிவிட்டு ஓட்டம். நம் பகுதியே அவசரமாகச் சாப்பிடப் பழகிவிட்டது.

நான் ஒரு நாள் ஜோலார்பேட்டை நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டுப் பார்த்தேன். முதல் இட்லி வழக்கம் போல: ஒன்றரை நிமிடத்தில் காணோம், சட்னியின் காரம் மட்டும்தான் நாக்கில் நின்றது. இரண்டாவதைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி, ஒவ்வொரு துணுக்கையும் 20 முறை மென்றேன். பத்தாவது மெல்லுதலில் அரிசி இனிக்கத் தொடங்கியது. உளுந்தின் வாசம் தனியாக வந்தது. புளிப்பு கடைசியில் எட்டிப் பார்த்தது. எட்டு நிமிடம்! இத்தனை வருடமாக இட்லி தின்ற நான் அன்றுதான் இட்லியை ருசித்தேன் என்றே சொல்வேன்.

பலூன் காலத்தில் இது ரசனை மட்டுமல்ல, கட்டாயம். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். "போதும்" என்ற செய்தி மூளையில் பதிய அவ்வளவு நேரமாகும். வேகமாக உண்டால் செய்தி வருவதற்குள் வயிறு மீறிவிடும், நெஞ்சு அடைக்கும், வாந்தி வரும். வேலைக்குப் போகிறவர்கள் டிபனை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டீ நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களே, "இன்னும் ஒரு வாய்" என்று அன்பாக வற்புறுத்தும் பழக்கத்தை இந்தச் சில மாதம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒரு வாய்தான் அவரைக் கழிவறைக்கு ஓட வைக்கிறது.

பலூனைக் கழுவ வேண்டும், தெரியுமா?

ஆமாம், வயிற்றுக்குள் இருக்கும் பலூனை! சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அது இடத்தை அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டு அரைமணி கழித்து மெதுவாகத் தண்ணீர் உறிஞ்சினால், பலூன்மேல் ஒட்டியிருக்கும் உணவு கழுவிக்கொண்டு போகும். கழுவாவிட்டால் ஒட்டியது ஊறிப்போய், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வரும்.

ஒட்டுகிறவை எவை? மைதா பரோட்டா, பிரெட், பிசுபிசுப்பான சோறு. சுற்றிக்கொள்கிறவை எவை? முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, ஆரஞ்சுத் தோல். முருங்கையின் சதையை மட்டும் வழித்துச் சாப்பிடுங்கள். கீரையைக் கடைந்து சாப்பிடுங்கள். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

பலூனை ஏமாற்றும் உணவு எது, தெரியுமா?

பிரியாணி என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை! ஆம்பூர் பிரியாணியைப் பலூன் தடுத்து நிறுத்தும். முதல் மாதம் முடிந்து, வயிறும் மருத்துவரும் சம்மதித்த பின், ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கறித்துண்டு, பிறகு கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி, கடைசியில் நான்கு கவளம் சீரகசம்பா. எண்ணெய் மிதக்கும் அடிப்பானைச் சோறு மட்டும் வேண்டாம். கொழுப்பு இரைப்பையிலிருந்து இறங்க நேரமாகும், பலூனோ ஏற்கெனவே அந்த இறக்கத்தைத் தாமதப்படுத்திக்கொண்டிருக்கிறது.

பலூனை உண்மையில் ஏமாற்றுவது இனிப்புத் திரவங்கள்! ரோஸ் மில்க், மில்க் ஷேக், பாயசம், உருகும் ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட ஜூஸ், ஒரு நாளைக்கு ஆறு டீ. எல்லாம் பலூனைச் சுற்றி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததாகவே தெரியாது. பாகில் ஊறி வாயில் கரையும் மக்கன் பேடாவும் அதே ஜாதிதான். "நான் சோறே சாப்பிடவில்லை, எடை குறையவே இல்லை" என்று வருந்துகிறவர்கள் முதலில் டம்ளரைத்தான் பார்க்க வேண்டும். கேஸ் நிறைந்த பானங்களோ வயிற்றை உப்பவைத்து வேதனை தரும், கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஒல்லியான உடம்பில் ஒளிந்திருக்கும் கொழுப்பு, தெரியுமா?

2004-ல் லான்செட்டில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யட்கினும் அருகருகே. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே 22.3. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! ஒரே எடைக்கணக்கில் அந்த இந்திய உடம்பு இருமடங்குக்கு மேல் கொழுப்பைச் சுமந்தது. இப்படி நம்மவர்களிடம் கொழுப்பு அதிகம் என்பதால்தான் நமக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேரும், 100 ஆண்களில் 37 பேரும் பி.எம்.ஐ. 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்கள்.

அதற்காக எல்லாரும் பலூனுக்கு ஓடக் கூடாது. இரைப்பையில் முன்பு அறுவை சிகிச்சை நடந்தவர்கள், இரைப்பை நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறும் பெரிய ஹெர்னியா அல்லது அல்சர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு பலூன் ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கணைய அழற்சி, பலூன் தானாக உப்பிவிடுதல், அரிதாக மரணம் ஆகியவை பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி, ரத்த வாந்தி, கறுத்த மலம் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் வலிமாத்திரை அல்சரைக் கிளப்பும், கேட்காமல் போடாதீர்கள். புகையும் மதுவும் கூடவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உணவு குறைந்ததும் சர்க்கரை திடீரென இறங்கலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

பலூன் போன மறுநாள்தான் முதல் நாள், தெரியுமா?

எண்டோஸ்கோபியில் எடுப்பதாக இருந்தால், ஓரிரு நாள் முன்பே நீராகாரத்துக்கு மாறி, பிறகு மருத்துவர் சொல்லும் நேரம் வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். உணவு மெதுவாக இறங்கும் வயிற்றில் மிச்சம் இருந்தால், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் உண்டு. "ஒரு வாய்தானே" என்று மறைக்காதீர்கள்.

பலூன் போய்விட்டது. இடம் காலியாகிவிட்டது. பசி திரும்பி வரும், அது உங்கள் தோல்வி அல்ல, உடம்பின் இயல்பு. ஆனால் இத்தனை மாதத்தில் உங்களிடம் தங்கிவிட்டவை எத்தனை! புரதத்தில் தொடங்கும் கை. 20 முறை மெல்லும் வாய். தட்டுக்குப் பக்கத்தில் இல்லாத தண்ணீர்ச் சொம்பு. மாலையில் ஏலகிரி மலையைப் பார்த்தபடி நடக்கும் கால்கள். பலூனால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்தீர்கள்.

எடைமிஷினைத் தினமும் மிதிக்க வேண்டாம். ஆம்பூரில் தைத்த ஒரு நல்ல தோல் பெல்ட் போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நமக்கு நல்லது. வீட்டுக்காரர் பெல்ட்டானாலும் சரி, துணிக்கடைக்காரர் டேப்பானாலும் சரி, மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். பலூன் இருந்தபோது மூன்றாவது ஓட்டைக்கு வந்த பக்கிள், அது போய் ஓராண்டு ஆன பிறகும் அதே ஓட்டையில் நிற்கிறதா? நின்றால், உங்கள் வீட்டுப் புழுங்கலரிசியும் பாசிப்பருப்பும் அந்த அரை லிட்டர் பலூனைவிடப் பெரிய வேலை செய்திருக்கின்றன என்று அர்த்தம்!